வரையாட்டின் மூச்சும் பட்டியின் நோயும்

விடியற்காலையில் வியாசர்பாடியிலிருந்து புளியந்தோப்புப் பக்கம் நடந்து செல்கிறவர்களுக்கு, ஆட்டுத்தொட்டியை நோக்கி ஊர்ந்து வரும் லாரிகள் பழகிப்போன காட்சி. ஆந்திரப் பிரதேசத்துச் சந்தைகளிலிருந்தும் நம் வட மாவட்டங்களின் கிராமங்களிலிருந்தும் ஏற்றப்பட்ட செம்மறிகளும் வெள்ளாடுகளும், ஒன்றின் முதுகில் மற்றொன்றின் முகவாய் பதிய, இரவெல்லாம் ஒரே காற்றைச் சுவாசித்துக்கொண்டு பட்டணம் வந்து சேருகின்றன. ஒன்றையொன்று ஒருபோதும் கண்டிராத பல பட்டிகளின் ஆடுகள், பட்டணத்தின் இறைச்சித் தேவை என்னும் ஒரே காரணத்தால், சந்தையிலும் வண்டியிலும் தொட்டியிலும் மூச்சோடு மூச்சு கலக்கின்றன. இந்தச் சாதாரண விஷயத்துக்கும், இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு அப்பால் நீலகிரியின் முக்குருத்திச் சரிவுகளில் மேகத்துக்குள் மேய்ந்துகொண்டிருக்கும் வரையாட்டின் ஆயுளுக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால், முதலில் கேட்கிறவர்களுக்கு அது மிகையாகத் தோன்றக்கூடும். ஆயினும் உலகத்தின் பல மலைகளில் அந்தச் சம்பந்தம் பிணக்குவியல்களாலேயே நிரூபிக்கப்பட்டிருக்கிறது. வீட்டு ஆட்டின் சுவாச நோய் காட்டு ஆட்டுக்குத் தாவும் விதத்தையும், தாவியபின் நேருவதையும், அதைத் தடுக்க மனிதனால் ஆகக்கூடியதையும் ஒருங்கே வைத்து ஆராய்வது இன்றைய தமிழ்நாட்டுக்கு அவசியமாகிவிட்ட ஒரு காரியம் என்பது என் அபிப்பிராயம்.

அவசியம் என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் வரையாட்டின் வம்சமே. நெடுங்காலம் விலங்கியல் சாஸ்திரிகள் அதனை இமயமலையின் டார் ஆட்டுக்கும் அரேபியாவின் டார் ஆட்டுக்கும் சகோதர இனமாகக் கருதி, மூன்றையும் ஒரே பேரினத்தில் அடக்கி வைத்திருந்தார்கள். 2005இல் ரோப்பிக்கே, ஹசானின் என்னும் இரண்டு பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்து, நம் மலையாடு அந்த இரண்டையும்விடச் செம்மறி இனத்துக்கே நெருங்கியது என்று காட்டினார்கள். அதன்பின் அது ‘நீலகிரிட்ராகஸ்’ என்ற தனிப் பேரினமாயிற்று. தோற்றத்தில் வெள்ளாடு போலவும் பிறப்பில் செம்மறிக்கு உறவாகவும் நிற்கிற இந்த மிருகம், இந்தியாவின் தென்கோடியில் வாழும் காட்டுச் செம்மறியுறவு என்றே கொள்ளத்தக்கது. நோய்க்கிருமி உறவுமுறை பார்த்துத்தான் பெரும்பாலும் வீடு மாறுகிறது. ஆகவே செம்மறிப் பட்டியின் வியாதிகள் எந்தக் காட்டு விலங்கை முதலில் தேடும் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் விடை தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் மிக அதிகமாக ஆராயப்பட்ட விலங்கு வட அமெரிக்காவின் பிக்ஹார்ன் என்னும் பெருங்கொம்புக் காட்டுச் செம்மறி. ராக்கி மலைத்தொடரிலும் சியெரா நெவாடாவிலும் பரந்து வாழ்ந்த அது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக் குடியேறிகளின் செம்மறி மந்தைகள் மலைமேல் ஏறத் தொடங்கிய காலத்திலேயே கூட்டங்கூட்டமாக மறையத் தொடங்கியது. வேட்டையும் மேய்ச்சல் நிலத்தின் அழிவும் அதற்குக் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் வேட்டை தடுக்கப்பட்ட பிறகும், புல் மீண்டும் தழைத்த பிறகும், எங்கிருந்தோ கொண்டுவந்து விட்ட புதிய மந்தைகள்கூட இருமி இருமிச் சாவதைக் கண்டபோதுதான் விஞ்ஞானிகளின் கவனம் பக்கத்துப் பட்டியின்மேல் திரும்பியது. 1982இல் ஃபோரெயிட், ஜெஸ்ஸப் என்ற இருவர், வீட்டுச் செம்மறிகளோடு நெருங்கியிருந்த பிக்ஹார்ன்கள் நிமோனியாவால் மாண்ட செய்தியை வெளியிட்டார்கள். நோயில்லாத வீட்டுச் செம்மறி, தான் நோயுறாமலே, காட்டு உறவைக் கொல்ல வல்லது என்ற அந்த முடிவை ஏற்க மேய்ச்சல்காரர்களுக்கு மனம் வரவில்லை. அதற்காக அவர்களைக் குறைகூறவும் முடியாது. தன் பட்டியில் ஒன்றும் இருமாதபோது, தன் ஆடு பிறிதொன்றைக் கொன்றது என்று ஒருவன் எப்படி நம்புவான்?

இந்த ஐயத்தைத் தீர்த்த ஆராய்ச்சிகளில் ஒன்றைச் சற்று விரித்துச் சொல்வது பொருந்தும். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார், வீட்டுச் செம்மறிகளின் தொண்டையில் இயல்பாகவே தங்கியிருக்கும் ‘மான்ஹைமியா ஹீமோலிடிகா’ என்னும் பாக்டீரியாவை எடுத்து, ஒளிரும் புரதத்தின் மரபணுவை அதில் செலுத்தி, பிற்பாடு எங்கே கண்டாலும் இது இன்ன ஆட்டிலிருந்து வந்தது என்று அடையாளம் சொல்லக்கூடியதாக்கி, அந்த வீட்டு ஆடுகளுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு அவற்றையும் பிக்ஹார்ன்களையும் முதலில் தூரத்தில் வைத்தும், அடுத்து ஒரே வேலியின் இருபுறத்தில் வைத்தும், கடைசியில் ஒரே அடைப்பில் கலந்துவிட்டும் பார்த்தார்கள். வேலியளவு நெருக்கத்திலேயே கிருமி காட்டு ஆடுகளுக்குத் தாவிவிட்டது. கலந்துவிட்ட சில நாள்களுக்குள் அந்தக் காட்டு ஆடுகள் யாவும் நிமோனியாவுக்கு இரையாயின. அவற்றின் நுரையீரலிலிருந்து எடுத்த கிருமி அதே ஒளிரும் கிருமியாக இருந்தது. 2010இல் இந்த முடிவு வெளியானபின், கிருமி எங்கிருந்து எங்கே போகிறது என்ற விவாதத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

எனினும் இந்தப் பாக்டீரியா கதையின் இறுதிப் பாத்திரமே தவிர முதற் பாத்திரம் அன்று. 2008இல் பெஸ்ஸரும் அவருடைய குழுவினரும் ‘மைக்கோப்ளாஸ்மா ஓவிநிமோனியே’ என்ற மற்றொரு கிருமியை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். செல்சுவரே இல்லாத இந்த நுண்ணுயிர், சுவாசக் குழாயின் உட்புறத்தில் சளியையும் தூசியையும் ஓயாமல் மேலே தள்ளிக்கொண்டிருக்கும் நுண்மயிர்களைப் பற்றிக்கொண்டு அவற்றை முடக்குகிறது. நுண்மயிர்கள் ஓய்ந்துவிட்டால், தொண்டையில் சாதுவாகக் கிடந்த பிற கிருமிகள் யாவும் தடையின்றி நுரையீரலுக்குள் இறங்குகின்றன. கொல்லும் வேலையை அவை செய்கின்றன. பல்லாயிரம் ஆண்டுகளாக இந்தக் கிருமியோடு பழகிய வீட்டுச் செம்மறிக்கு இது மூக்குச்சளி அளவிலான உபத்திரவம். அந்தப் பழக்கமே இல்லாத பிக்ஹார்னுக்கோ இது மரணம்.

இதைவிடக் கொடியது பின்னால் வருகிறது. முதல் தாக்குதலில் பெரிய ஆடுகள் மாளும். தப்பிய தாய்களில் சில, வெளிக்கு ஆரோக்கியமாகவே தோன்றினாலும், மூக்கினுள் கிருமியைச் சுமந்துகொண்டு திரியும். அடுத்த வசந்தத்தில் குட்டிகள் பிறக்கும். தாய்ப்பாலின் பாதுகாப்பு மெலிகிற சில வாரங்களில், ஒன்றோடொன்று மூக்கை உரசி விளையாடும் அந்தக் குட்டிகள் ஒரு சேர நோயுற்று அழியும். இப்படி ஆண்டுக்கு ஆண்டு குட்டிகளை இழந்து, பத்து இருபது ஆண்டுகளாகத் தேறாமல் நிற்கும் மந்தைகள் உண்டு. ஐடஹோ, ஓரிகன், வாஷிங்டன் என்ற மூன்று மாநிலங்களின் எல்லையிலுள்ள ஹெல்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கில் 1995–96 குளிர்காலத்தில் 300க்கு மேற்பட்ட பிக்ஹார்ன்கள் மடிந்தன. அந்தப் பள்ளத்தாக்கிலேதான் பிற்காலத்தில், கிருமியை விடாமல் சுமக்கும் ஒருசில தாயாடுகளை மட்டும் சோதித்துக் கண்டுபிடித்து அகற்றினால் மந்தையின் குட்டிகள் மீண்டும் பிழைத்து வளருகின்றன என்பதும் தெரியவந்தது. அந்தத் தாயாடுகளைப் பொறுத்தவரை இது இரக்கமற்ற சிகிச்சை. ஆனால் மந்தை பிழைத்தது. இந்தக் கிருமிக்கு இன்றுவரை காட்டு ஆட்டைக் காக்கும் தடுப்பூசி இல்லாத நிலையில், மற்றொரு வழி வீட்டு மந்தையையும் காட்டு மந்தையையும் பிரித்து வைப்பதே. 2010இல் ஐடஹோவின் பேயெட் தேசியக் காட்டில் செம்மறி மேய்ச்சலுக்கு விட்டிருந்த நிலத்தின் பெரும்பகுதியை அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொண்டது இந்தக் காரணத்தால்தான். தலைமுறைகளாக அங்கே மேய்த்துவந்த குடும்பங்கள் அதனால் பட்ட நஷ்டமும் சிறிதன்று.

அமெரிக்காவை விட்டு நம் கண்டத்துக்கு வந்தால், கிருமிகள் வேறு, கதை ஒன்றே. 2010 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தஜிகிஸ்தானில் முறுக்குக்கொம்பு மார்க்கோர் ஆடுகள் குறைந்தது 64 நிமோனியாவால் மாண்டன. வெள்ளாட்டுப் பட்டிகளிலும் தங்கக்கூடிய ஒரு மைக்கோப்ளாஸ்மா அவற்றில் கண்டறியப்பட்டது. பாகிஸ்தானின் கீர்த்தர் மலைகளில் சிந்து ஐபெக்ஸ் ஆடுகளும், திபெத்தின் மேற்குப் பகுதியில் பரல் என்னும் நீல ஆடுகளும் மடிந்ததற்குக் காரணம் வேறொன்று, அது வைரஸ். மங்கோலியாவில் 2016இல் அந்த வைரஸ் முதலில் வீட்டு ஆடுகளில் புகுந்தது. அரசாங்கம் அவசரமாகத் தடுப்பூசி போட்டது. ஆயினும் அந்தக் குளிர்காலத்தில் பாலைப் புல்வெளியின் சைகா மான்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. தீ தன் வீட்டில் அணைந்துவிட்டது என்று நிம்மதியடைந்தபோது, பொறி ஏற்கெனவே அடுத்த கூரையில் விழுந்திருந்தது.

இங்கே நிதானம் வேண்டும் என்பதற்கு ஓர் எதிர் உதாரணமும் சொல்லவேண்டும். 2015இல் கஜகஸ்தானில் சில வாரங்களுக்குள் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சைகா மான்கள் செத்து விழுந்தன. உலகம் முழுவதும் உடனே வீட்டு மந்தைகளைச் சந்தேகித்தது. ஆராய்ந்தபோது, அந்த மான்களின் உடலிலேயே இயல்பாகத் தங்கியிருந்த பாஸ்டுரெல்லா என்னும் பாக்டீரியா, வழக்கத்துக்கு மாறான வெப்பமும் ஈரப்பதமும் கூடிய நாள்களில் கட்டவிழ்ந்து இரத்தத்தில் பரவியதே காரணம் என்று தெரியவந்தது. காட்டில் சாவைக் கண்ட மாத்திரத்தில் இடையன்மீது பழிபோடுவது விஞ்ஞானமும் ஆகாது, நியாயமும் ஆகாது. ஒவ்வொரு சாவையும் அறுத்துப் பார்த்து, கிருமியை வளர்த்துப் பார்த்து, அதன் மரபை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் குற்றத்தை நிர்ணயிக்க வேண்டும்.

மேலே சொன்ன வைரஸ்தான் தமிழ்நாட்டுக்கு மிக நெருங்கியது. அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் பி.பி.ஆர்.; நம் கால்நடைத் துறையார் அதனை ‘ஆட்டுக்கொல்லி நோய்’ என்று அழைக்கிறார்கள். கடுங்காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்து சீழாக மாறுதல், வாயில் புண், பேதி, முடிவில் நுரையீரல் அடைத்து மூச்சுத்திணறல் என்பன அதன் படிகள். குட்டிகள் அதிகமாகச் சாகும். 1942இல் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த நோய், இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் விழுப்புரத்தை அடுத்த அரசூர் கிராமத்தின் செம்மறிகளில், 1987இல். அதற்கு முன்பும் நம் நாட்டில் ஆடுகள் இதே விதமாகச் செத்திருக்கக் கூடும். அவற்றையெல்லாம் மாட்டின் வெக்கை நோய் ஆட்டுக்கும் வந்துவிட்டது என்றே எழுதிவைப்பது வழக்கமாக இருந்தது, ஏனெனில் இரண்டு வைரஸ்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஷைலாவும் உடன் உழைத்தவர்களும் அது வேறு நோய் என்று நிறுவி 1989இல் வெளியிட்டார்கள்.

அரசூரில் எடுத்த அந்த வைரஸ் வீணாகவில்லை. சென்னையின் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் அதனையே பலமுறை வளர்த்து வலிமை குன்றச் செய்து, ‘அரசூர் 87’ என்ற பெயரால் தடுப்பூசி ஆக்கினார்கள். ‘கோயம்புத்தூர் 97’ என்பது அவர்களுடைய மற்றொரு தடுப்பூசி. முக்தேசுவரத்திலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் ஆக்கிய ‘சுங்ரி 96’ மூன்றாவது. வியாசர்பாடியிலிருந்து சிறிது தூரத்தில் மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் இருக்கிறது. அதன் மூத்த கல்லூரியோ 1903 முதல் வேப்பேரியில் நடைபெற்று வருகிறது. நம் வடசென்னையைத் துறைமுகத்துக்காகவும் அனல் மின்நிலையங்களுக்காகவும் ஆலைப் புகைக்காகவும் மட்டுமே நினைவுகூரும் வழக்கம் இருக்கிறது. ஆட்டின் மூச்சைக் காக்கும் வித்தை இந்தப் பக்கத்தில் வளர்ந்தது என்பதை இவ்வூரார் பெருமையோடு சொல்லிக்கொள்ள எல்லா நியாயமும் உண்டு.

இந்தத் தடுப்பூசிகள் ஒருமுறை போட்டால் பல ஆண்டுகள் காக்கும். நோயிலிருந்து பிழைத்த ஆட்டுக்கு ஆயுள் முழுவதற்கும் எதிர்ப்புச் சக்தி உண்டு. மைக்கோப்ளாஸ்மாவில் போலன்றி, இதில் பிழைத்த ஆடு கிருமியைச் சுமந்து திரிவதில்லை. உடலுக்கு வெளியேயும் வைரஸ் நெடுநாள் உயிர்வாழ்வதில்லை. ஆகவே பிக்ஹார்னின் கிருமிக்குச் சொன்ன பிரித்து வைக்கும் வைத்தியம் இதற்கு இரண்டாம் பட்சமே. முதல் வைத்தியம் பட்டியிலேயே ஊசி. இந்த வித்தியாசம் முக்கியமானது, ஏனெனில் மேய்ச்சலைத் தடுப்பதென்றால் ஏழை இடையனின் வாழ்வில் கைவைக்க நேரும். ஊசி போடுவதென்றால் அவனுடைய ஆடும் பிழைக்கும், மலையின் ஆடும் பிழைக்கும்.

இது வெறும் ஆசை என்று யாரும் கருத வேண்டாம். இதே குடும்பத்து மூத்த வைரஸின் வரலாறு அதற்குச் சாட்சி. வெக்கை நோய் 1880களின் இறுதியில் செங்கடற் கரையில் இறங்கி ஆப்பிரிக்காவின் குறுக்கே பரவியபோது, மாடுகளை மட்டுமல்லாமல் காட்டெருமைகளையும் வைல்ட்பீஸ்ட் என்னும் பெருமான்களையும் கூட்டங்கூட்டமாக அழித்தது. அவை காலங்காலமாக அந்த நோய்க்கு இருப்பிடம் என்றும், காட்டு விலங்குகளைக் கொன்றாலன்றி மாடுகளைக் காக்க முடியாது என்றும் வாதித்தவர்கள் இருந்தார்கள். 1950களிலிருந்து செரெங்கெட்டியைச் சுற்றி மேயும் மாடுகளுக்கு ஊசி போடப்பட்டது. காட்டு விலங்குக்கு ஒரு சொட்டு மருந்தும் கொடுக்கவில்லை. ஆயினும் சில ஆண்டுகளுக்குள் காட்டிலும் நோய் மறைந்தது. இரண்டரை லட்சம் அளவில் இருந்த வைல்ட்பீஸ்ட்கள் 1970களின் இறுதியில் பதின்மூன்று லட்சம் அளவுக்குப் பெருகின. நோய் வசித்தது மாட்டுத்தொழுவத்தில். காடு அதன் வழிப்போக்குச் சத்திரமாக மட்டுமே இருந்தது. நம் பக்கத்திலும் 1968இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் காட்டெருதுகள் வெக்கையால் பெரும்பாலும் அழிந்தன. மாடுகளில் நோய் ஒழிந்த பின்பு அவை தாமாகவே பெருகி, இன்று கூடலூர், குன்னூர்த் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளும் புகுந்து நடமாடுகின்றன. 1932இல் தொடங்கிய இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிறுவனம் உள்ளிட்ட பலர் தலைமுறை தலைமுறையாகத் தயாரித்த தடுப்பு மருந்தின் பலன் அது. இந்தியாவின் கடைசி வெக்கைப் பரவல் பதிவானது 1995இல் நம் வட ஆர்க்காட்டில். உலகம் முழுவதும் அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது 2011இல். வெக்கையின் இந்தியக் கடைசிப் பக்கமும் ஆட்டுக்கொல்லியின் இந்திய முதற்பக்கமும் தமிழ் மண்ணிலேயே எழுதப்பட்டிருக்க, இரண்டுக்கும் இடையில் ஆண்டுகள் எட்டே என்பதை நான் ஒரு தற்செயலாக எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. இந்த மாநிலத்தின் பொறுப்பாகவே கொள்கிறேன்.

இனி வரையாட்டுக்கு வருவோம். நீலகிரியிலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்து மலைகள் வரை ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளத்தில், உயர்ந்த பாறைச் சரிவுகளும் புல்வெளிகளும் வாய்த்த இடங்களில் மட்டும் அது வாழ்கிறது. 1975இல் அதன் தொகையையும் இருப்பிடங்களையும் முறைப்படி ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் இ. ஆர். சி. டேவிதார், அவருடைய நினைவாக அக்டோபர் 7ஆம் நாள் வரையாட்டு தினமாகக் கொண்டாடப்படுகிறது. 2022 டிசம்பரில் 25.14 கோடி ரூபாய் மதிப்பில் தமிழக அரசு அறிவித்த வரையாட்டுத் திட்டத்தின் முதல் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு 2024இல் இம்மாநிலத்தில் 1,031 வரையாடுகளைக் கண்டது. 2025இல் அத்தொகை 1,303 ஆயிற்று. இந்த உயர்வு மகிழ்ச்சி தருவது. ஆயினும் அந்த ஆயிரத்து முந்நூறும் ஒரே மந்தையன்று. முக்குருத்தியில் ஒன்று, வால்பாறைப் புல்மலைகளில் ஒன்று, பழனி மலையில், மேகமலையில், திருவில்லிபுத்தூர் மலையில், அகத்தியமலையில் என்று தேயிலையாலும் தைல மரத்தாலும் சீகை மரத்தாலும் சாலைகளாலும் ஒன்றையொன்று சேர முடியாமல் துண்டிக்கப்பட்ட சிறு சிறு தீவுகளாக அவை இருக்கின்றன.

நோயின் கணக்கில் இந்தத் துண்டிப்பு இருமுனைக் கத்தி. ஒரு தீவில் புகுந்த வைரஸ் அடுத்த தீவுக்கு எளிதில் தாவாது என்பது நன்மை. ஆனால் தன் சிறு தீவில் அது முழுக்க மேய்ந்துவிட்டால் அங்கே மீண்டும் வந்து நிரப்ப உறவுகள் இல்லை என்பது தீமை. வரையாட்டுத் தாய் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனுகிறது. கேரளத்து இரவிகுளத்தில் ஈற்றுக் காலத்தை முன்னிட்டுத் தேசியப் பூங்காவையே பார்வையாளர்களுக்கு அடைத்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு மந்தை இரண்டு மூன்று ஆண்டுகள் குட்டிகளை இழந்தால், எண்ணிக்கை ஏறுவதற்கு எத்தனை காலம் ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இங்கே நான் தெளிவாகச் சொல்லவேண்டியது ஒன்று: வரையாட்டைப் பற்றிய இந்த அச்சம், நடந்து முடிந்த ஒரு பேரழிவின் வரலாறன்று, அதன் நெருங்கிய உறவினங்களில் நடந்ததிலிருந்து எடுக்கும் அநுமானம். இன்றைக்கு அதன் முதல் எதிரி புல்வெளியைத் தின்று வளரும் அந்நிய மரங்களே என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் புல்வெளியை மீட்க ஐம்பது ஆண்டு ஆகலாம். ஒரு தொற்று ஒரு பருவத்தில் முடித்துவிடும். மெதுவாக வரும் கேட்டுக்கு மட்டும் திட்டம் தீட்டி, விரைவாக வரும் கேட்டை மறப்பது புத்திசாலித்தனமாகாது.

அநுமானம் என்றாலும், சந்திப்புக்கான இடங்கள் கற்பனையல்ல. உதகமண்டலத்தை அடுத்த சாண்டிநல்லாவில், கோயம்புத்தூர்ச் செம்மறியோடு டாஸ்மேனியன் மெரினோவும் செவியட்டும் சவுத்டவுனும் கலந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவான நீலகிரிச் செம்மறி இனம் பேணப்படுகிறது. குளிர்மலையில் கம்பளி தரும் அந்த அரிய இனத்தைக் காப்பதும் வரையாட்டைக் காப்பதைப்போலவே ஒரு தர்மம். கல்விக்கூடத்தின் மேற்பார்வையில் இருக்கும் அத்தகைய மந்தையால் அபாயம் குறைவு. அபாயம் மற்ற இடங்களில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில் கட்டி வளர்க்கும் நாலைந்து வெள்ளாடுகள் ஓரிடம். தேனி, விருதுநகர் மாவட்டங்களின் அடிவாரக் கிராமங்களிலிருந்து கோடையில் புல் தேடி மேலேறும் மந்தைகள் வேறோரிடம். செஞ்சியின் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் எட்டயபுரத்தின் சனிக்கிழமைச் சந்தையிலும் விலை போகாமல் மாலையில் வீடு திரும்பும் ஆடுகளை யாரும் கணக்கில் வைப்பதில்லை. என் பார்வையில் அவையே முதற் கவலை. சந்தையில் பல ஊர் மூச்சை வாங்கிக்கொண்டு திரும்பும் அந்த ஆடு, பத்து நாளைக்குள் அடிவாரத்துப் பட்டியை நோய்ப்படுக்கையில் தள்ளலாம். அந்தப் பட்டியின் ஒரு பகுதி மலையேறலாம். பக்ரீத், தீபாவளிக் காலங்களில் விலையேற, இந்த நடமாட்டம் பன்மடங்காகிறது. இராமநாதபுரத்துக் கீதாரிகள் அறுவடைக்குப் பின் கிடைபோடத் தஞ்சைப் பக்கம் நடத்திச்செல்லும் செம்மறிக் கூட்டங்கள் மலையை எட்டுவதில்லையாயினும், வைரஸின் சுற்றுப்பயணத்தில் அவற்றுக்கும் பங்குண்டு.

இதற்கெல்லாம் மேய்ச்சல் தடையே போதும் என்ற கருத்து நகரவாசிகளிடம் பரவலாக இருக்கிறது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழகக் காடுகள் அனைத்திலும், பிறகு திருத்தி, தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றில் கால்நடை மேய்ச்சலைத் தடுத்தது. வரையாட்டின் பெரும்பான்மை வாழிடங்கள் இவ்வெல்லைகளுக்குள் அடங்கியவை என்பதால் அத்தடையால் நோயின் வழியும் ஒருவாறு குறுகுகிறது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் தடை, தீர்ப்பின் தாளிலே எளிது, அடிவாரத்திலே கடினம். மலைமாடும் ஆடும் அன்றி வேறு சொத்தில்லாதவன், பகலில் தடுத்தால் இரவில் ஏற்றுவான். நோய் கண்டால் அபராதத்துக்கு அஞ்சி மறைப்பான். மறைக்கப்படும் நோய்தான் காட்டுக்கு மிக அபாயமானது. வியாசர்பாடியின் சந்துகளிலேயே, வீட்டு வாசலில் இரண்டு வெள்ளாட்டைக் கட்டி, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு ஒரு கிடாயை விற்கும் தாய்மார்களை நான் அறிவேன். ஆட்டில் ஒன்று இருமினால் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல அவர்கள் தயங்குவதில்லை, ஏனெனில் அங்கே தண்டனை இல்லை, மருந்துதான் இருக்கிறது. அடிவாரத்து இடையனுக்கும் காட்டிலாகா அந்த முகத்தைக் காட்டினால்தான், முதல் இருமலின் செய்தி மலைக்கு முன்பே நம்மை வந்து எட்டும்.

ஊசி விஷயத்தில் ஒரு கணக்கு பெரும்பாலும் விட்டுப்போகிறது. ஓர் ஆட்டு மந்தை மாட்டுத்தொழுவத்தைப்போல் நிலையானதன்று. குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கின்றன, கிடாய்கள் விற்பனையாகிக்கொண்டே இருக்கின்றன. இன்று முழு மந்தைக்கும் ஊசி போட்டாலும், இரண்டு ஆண்டில் அந்த மந்தையின் பெரும்பகுதி ஊசி காணாத புதிய தலைகளாக மாறிவிடும். தாய்ப்பாலின் எதிர்ப்புச் சக்தி ஓயும் மூன்று நான்கு மாத வயதில் குட்டிகளைப் பிடித்துப் போடவில்லையானால், ஒருமுறை நடத்திய பெரும் முகாமின் பலன் கசிந்து போய்விடும். மங்கோலியாவில் நடந்த கேட்டின் ஒரு பாடம் இது என்றே எனக்குத் தோன்றுகிறது: நோய் வந்தபின் ஓடிப்போய்ப் போடும் ஊசி வீட்டைக் காக்கலாம், காட்டைக் காக்காது. ஆகையால் வரையாட்டுத் தீவு ஒவ்வொன்றின் அடிவாரத்திலும், மேய்ச்சல் மேலேறும் தூரமளவுக்கு ஒரு வளையம் குறித்து, அவ்வளையத்துக் குட்டிகளுக்கு ஆண்டுதோறும், கோடைப் புல் தேடி மந்தை ஏறுவதற்கு முன், விலையின்றி ஊசி போடும் ஏற்பாடு தேவை. சந்தையிலிருந்து திரும்பிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டச் சொல்வதும் அதில் சேரவேண்டும். செலவைப் பொறுத்தவரை, ஒரு வரையாட்டைப் பிடித்துக் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்வதற்கு ஆகும் பணத்தில் ஓர் ஊர் முழுவதற்கும் ஊசி போட்டுவிடலாம் என்பது கால்நடை மருந்துகளின் விலை அறிந்தவர்களுக்கு விளங்கும்.

வரையாட்டுத் திட்டத்தில் நோய் கண்டறிதலும் சிகிச்சையும் ஓர் அங்கமாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. பழைய வாழிடங்களில் ஆடுகளைக் கொண்டுபோய் விடும் நோக்கமும் அதில் இருக்கிறது. இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கிறேன். புதிய சரிவில் கொண்டுபோய் விடும் பத்து ஆடுகள், அமெரிக்கர்கள் பலமுறை கண்டதுபோல, அங்கே மேய்ந்துகொண்டிருக்கும் வீட்டு மந்தையின் கிருமியை முதல் மாதத்திலேயே சந்திக்க நேரலாம். ஆகவே விடுவதற்கு முன் அந்தச் சரிவின் புல்லையும் பாறையையும் ஆராய்வதோடு நிற்காமல், அதன் அடிவாரத்து ஆடுகளின் மூக்குச்சளியையும் இரத்தத்தையும் சோதித்துப் பார்ப்பது விதியாக வேண்டும். வன உயிரின மருத்துவரும் ஊர்க் கால்நடை மருத்துவரும் இன்று இருவேறு துறைகளில், இருவேறு ஆணைகளின் கீழ்ப் பணிசெய்கிறார்கள். மலையில் செத்த வரையாட்டின் நுரையீரல் ஒரு பரிசோதனைச் சாலைக்கும், அடிவாரத்தில் செத்த வெள்ளாட்டின் நுரையீரல் வேறொன்றுக்கும் போகிறவரை, இரண்டும் ஒரே கிருமியால் செத்தனவா என்ற கேள்வியை எழுப்பவே ஆள் இருக்கமாட்டார். மாதவரமும் வனத்துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் தீரக்கூடிய குறை இது.

ஆட்டுக்கொல்லி நோயை உலகத்திலிருந்தே 2030க்குள் ஒழிப்பது என்று 2015இல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜானில் கூடிய நாடுகள் தீர்மானித்தன. 1942இல் அந்த நோயின் முதல் விவரணை எழுதப்பட்ட அதே நாட்டில் அந்தத் தீர்மானம் பிறந்தது பொருத்தமே. இந்தியாவும் அதற்கு உடன்பட்டிருக்கிறது. நாடு தழுவிய ஊசித் திட்டமும் நடைபெறுகிறது. குறித்த ஆண்டுக்கு இன்னும் அதிகக் காலமில்லை. அரசூர் வைரஸிலிருந்தே மருந்து செய்த மாநிலம், அந்த மருந்தை முதலில் எங்கே கொண்டுபோக வேண்டும் என்று கேட்டால், வால்பாறையின் தோட்டக் குடியிருப்புகளுக்கும், மேகமலை, திருவில்லிபுத்தூர் அடிவாரத்துப் பட்டிகளுக்கும் அடுத்த கோடைக்கு முன்பு என்பதே என் விடை.